இரண்டும் 21 மி.மீ., பின் ஏன் இத்தனை வேறுபாடு? அகலக் கோண லென்ஸ்களின் உள்ளமைப்பு பற்றி

பாளையங்கோட்டைப் பக்கம் திருமணப் படங்கள் எடுக்கும் தம்பி ஒருவர் எனக்கு அனுப்பிய கேள்வி இது: “அண்ணாச்சி, என்னிடம் 21 மி.மீ. லென்ஸ் இரண்டு இருக்கின்றன. ஒன்று பழைய ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவுக்கானது, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். மற்றொன்று டிஎஸ்எல்ஆருக்கானது, ஒரு சொம்பு அளவு இருக்கிறது. இரண்டையும் அடாப்டர் போட்டு என் மிரர்லெஸ் கேமராவில் மாட்டிப் பார்த்தேன். சிறியதில் மண்டபத் தூண்கள் நூல் பிடித்தாற்போல் நேராக நிற்கின்றன, ஆனால் ஓரங்களில் ஊதா ஏறி மூலைகள் குழைந்துபோகின்றன. பெரியதில் நிறமும் மூலையும் நன்றாக வருகின்றன, தூண்கள் வளைகின்றன. எது நல்ல டிசைன்?”

தம்பி, இரண்டுமே நல்ல டிசைன்தான். ஆனால் இரண்டும் ஒரே வேலைக்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஓர் அகலக் கோண லென்ஸ் எப்படிப்பட்டது என்பதைப் பெரும்பாலும் முடிவுசெய்வது அதன் முன்கண்ணாடி அல்ல. கடைசிக் கண்ணாடிக்கும் ஃபிலிம் அல்லது சென்சாருக்கும் நடுவே எவ்வளவு இடம் விட வேண்டும் என்ற கட்டாயம்தான். உங்கள் சிறிய லென்ஸை வடிவமைத்தவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பெரியதை வடிவமைத்தவருக்கு இருந்தது. நீங்கள் கண்ட நேர்த்தூண், ஊதா ஓரம், வளைவு எல்லாம் இந்த ஒரே இடத்திலிருந்து கிளைத்தவை.

21 மி.மீ. குவியத்தொலைவு என்றால், தொலைவில் உள்ள பொருளின் பிம்பம் லென்ஸின் ஒரு கணக்குத் தளத்திலிருந்து 21 மி.மீ. தள்ளி விழுகிறது என்று பொருள். டிஎஸ்எல்ஆர் கேமராவிலோ லென்ஸுக்கும் சென்சாருக்கும் நடுவே, பிம்பத்தை வியூஃபைண்டருக்குத் திருப்பும் ஒரு மிரர் மேலும் கீழும் அடித்துக்கொண்டிருக்கிறது. அதற்கு இடம் விட்டே லென்ஸ் மாட்டும் வளையத்தை வைக்கிறார்கள்: நிக்கான் எஃப் மவுண்டில் வளையத்திலிருந்து ஃபிலிம் வரை 46.5 மி.மீ., கேனான் ஈஎஃப் மவுண்டில் 44 மி.மீ. லென்ஸ் வழியாக அல்லாமல் தனிச் சன்னல் வழியாகப் பார்க்கும் ரேஞ்ச்ஃபைண்டரில் அப்படி மிரர் கிடையாது. லைக்கா எம் மவுண்டில் அந்தத் தூரம் 27.8 மி.மீ. மட்டுமே, அதிலும் லென்ஸின் பின்பகுதி உள்ளே நன்றாக இறங்கிக்கொள்ளலாம். ஆக, 21 மி.மீ. தொலைவில் பிம்பம் விழ வேண்டிய ஒரு லென்ஸை ஏறத்தாழ 40 மி.மீ. தள்ளி நிறுத்தி வேலை வாங்குவது எப்படி என்பதுதான் டிஎஸ்எல்ஆர் காலத்தின் பெரிய சிக்கல்.

முதலில் சிறியதைப் பார்ப்போம், ஏனெனில் அதன் வம்சம் பழையது. 1900-இல் கோயர்ட்ஸ் நிறுவனத்துக்காக எமில் ஃபான் ஹோ வடிவமைத்த ஹைபர்கான், வெறும் இரண்டு பிறை வடிவக் கண்ணாடிகளை, ஒளியின் அளவைக் கட்டுப்படுத்தும் துளையின் (அபெர்ச்சர்) இரு பக்கமும் எதிரெதிராக வைத்து ஏறத்தாழ 135 பாகை வரை பார்த்தது. அதன் அடிப்படை எளிமையானது. துளைக்கு முன்னால் உள்ள கண்ணாடி கோட்டை ஒரு பக்கம் வளைத்தால், பின்னால் உள்ள அதன் இரட்டை எதிர்ப்பக்கம் வளைத்துச் சரிசெய்துவிடும். நேர்கோட்டு வளைவும், நிறங்கள் ஓரத்தில் பிரிந்து தெரியும் பக்கவாட்டு நிறப்பிறழ்ச்சியும், வால் நட்சத்திரம் போல் புள்ளி இழுபடும் கோமாவும் இந்தச் சமச்சீர் அமைப்பில் பெருமளவு தாமாகவே அடங்கிவிடுகின்றன. கணினி இல்லாத அந்நாளில், கையால் கணக்குப் போட்டவர்களுக்கு இது எத்தனை பெரிய வரம் என்று நினைத்துப் பாருங்கள். பிறகு 1933-இல் ஸைஸ் நிறுவனத்தில் ராபர்ட் ரிக்டர் வடிவமைத்த டோபோகான், வான்வழி நிலப்படம் எடுப்பதற்காக ஏறத்தாழ 100 பாகை பார்த்தது. 1950-களில் லுட்விக் பெர்டலே வடிவமைத்த 21 மி.மீ. பயோகான் சிறிய கேமராக்களுக்கு வந்தது. உங்கள் உள்ளங்கை லென்ஸ் இந்தப் பயோகான் வழியில் வந்தது. அதன் தூண்கள் நேராக நிற்பதற்கு இந்தச் சமச்சீர்தான் காரணம்.

ஆனால் சமச்சீர் லென்ஸில் ஒளி வெளியேறும் துளை சென்சாருக்கு மிக அருகில் இருக்கிறது. நடுவில் செங்குத்தாக விழும் ஒளி, மூலையில் மிகவும் சாய்ந்து விழுகிறது. 36-க்கு 24 மி.மீ. ஃபிரேமில் நடுவிலிருந்து மூலைக்கு 21.6 மி.மீ.; 21 மி.மீ. லென்ஸுக்கு அது ஏறத்தாழ 46 பாகைச் சாய்வு. சாய்வின் கொசைனை நான்கு முறை பெருக்கினால் மூலையில் எஞ்சும் ஒளி கிடைக்கும் என்பது விதி. கணக்குப் போட்டால் நடுவில் உள்ளதில் ஏறத்தாழ 23 சதவீதம், அதாவது இரண்டு ஸ்டாப்புக்குச் சற்று மேல் இருட்டு (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாவது). துளையைச் சிறிதாக்கினாலும் இந்த இருட்டு போகாது. குழாயின் விளிம்பு மறைப்பதால் வரும் இருட்டு மட்டுமே துளையைச் சிறிதாக்கினால் போகும். ஹைபர்கானுக்கு இதைச் சமாளிக்க நட்சத்திர வடிவில் ஒரு சிறு சக்கரத்தை லென்ஸின் முன் நிறுத்தி, ரப்பர்ப் பந்தை அழுத்திக் காற்றால் சுழற்றினார்கள். அது நடுப்பகுதியின் ஒளியை மட்டும் குறைத்தது. படம் எடுத்து முடிக்கும் முன் சக்கரத்தை விலக்கிவிட்டார்கள். லென்ஸ் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பொருள் அந்தச் சக்கரம்தான்.

இந்த விதியைச் சற்றே தளர்த்தியவர் சோவியத் நாட்டின் மிகயீல் ருசினோவ். 1946-இல் அவர் சமச்சீர் லென்ஸின் இரு வெளிப்புறத்திலும் பெரிய குழிப்பிறைக் கண்ணாடிகளை வைத்தார். பெர்டலேயின் பயோகானும் இதே வழியில் நடக்கிறது. இது என்ன செய்கிறது என்பதைப் படித்துத் தெரிந்துகொள்வதைவிடக் கண்ணால் பார்த்துவிடலாம். ஒரு 50 மி.மீ. லென்ஸையும் உங்கள் 21 மி.மீ. லென்ஸையும் சன்னல் வெளிச்சத்துக்கு எதிரே கை நீட்டிப் பிடியுங்கள். துளையை நடுத்தர அளவுக்குச் சுருக்கிவிட்டு, முன்பக்கத்திலிருந்து பார்த்தபடி மெல்லத் திருப்புங்கள். 50 மி.மீ. லென்ஸில் வட்டத் துளை முதலில் கோழி முட்டையாகவும், பிறகு புளியங்கொட்டையாகவும், கடைசியில் வெறும் கீற்றாகவும் ஒடுங்கும். 21 மி.மீ. லென்ஸில் அப்படி ஒடுங்காது. துளை உங்கள் கண்ணைப் பார்த்துத் திரும்புவது போலவும், உங்கள் பக்கமாக நகர்ந்து வருவது போலவும், சற்றே பெருப்பது போலவும் தோன்றும். வெளிக்கண்ணாடி சாய்ந்த கதிர்களுக்குத் துளையைப் பெரிதாக்கிக் காட்டுகிறது. இதனால் கொசைன் நான்கு முறைக்குப் பதிலாக ஏறத்தாழ மூன்று முறை பெருக்கிய அளவுக்கே ஒளி குறைகிறது. அதே 46 பாகையில் 23 சதவீதம் என்பது 34 சதவீதம் அளவுக்கு உயர்கிறது. நான் முதன்முதலில் இதைக் கண்டது பழுதுபார்க்கும் மேசையில், ஒரு பழைய லென்ஸின் பூஞ்சையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது. அன்றைக்கு வேலையை நிறுத்திவிட்டு, வெகுநேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இனி சொம்பு அளவு லென்ஸுக்கு வருவோம். அதன் முன்பாதி ஒளியை விரிக்கும் குழிக்கூட்டம், பின்பாதி ஒளியைக் குவிக்கும் கூட்டம். முன்னால் விரித்துவிட்டுப் பின்னால் குவிப்பதால், பிம்பம் குவியத்தொலைவைவிட வெகுதூரம் தள்ளி விழுகிறது. டெலிஃபோட்டோ லென்ஸைத் திருப்பிப் போட்டது போன்ற அமைப்பு இது. மூன்று ஃபிலிம்களில் ஒரே நேரத்தில் பதிந்த டெக்னிகலர் சினிமா கேமராவில், லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே பட்டகம் வைக்க இடம் வேண்டியிருந்தது. அதற்காக 1930-களிலேயே இம்முறை கையாளப்பட்டது. புகைப்படக் கேமராவுக்கு இதை முறையாகக் கொண்டுவந்தவர் பிரான்ஸின் பியர் ஆஞ்சனியூ. 1950-இல் அவர் வெளியிட்ட 35 மி.மீ. எஃப் 2.5 லென்ஸுக்கு வைத்த வணிகப் பெயர்தான் ரெட்ரோஃபோகஸ். பிறகு அது இவ்வகை முழுவதற்குமான பெயராகவே நிலைத்துவிட்டது. ஜெனா நகரத்து ஸைஸ் நிறுவனத்தின் ஃப்ளெக்டோகான் லென்ஸும் அதே காலத்தில் வந்தது.

இம்முறை பரவுவதற்கு ஏன் போருக்குப் பிந்தைய காலம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதற்கு ஒரு காரணத்தை மறந்துவிடக் கூடாது. பூச்சு இல்லாத ஒவ்வொரு கண்ணாடிப் பரப்பும் ஏறத்தாழ 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். தனித்தனியாக நிற்கும் ஏழு கண்ணாடிகளுக்குப் பதினான்கு பரப்புகள். கடைசியில் 56 சதவீத ஒளிதான் போய்ச்சேரும். மீதி ஒளி உள்ளேயே அலைந்து படத்தை வெளுக்கச் செய்யும். 1935-இல் ஸைஸ் நிறுவனத்தின் அலெக்சாண்டர் ஸ்மாகுலா ஒளி எதிரொளிப்பைக் குறைக்கும் பூச்சுக்கு வழி கண்டார். கண்ணாடிகளை அடுக்கிக்கொண்டே போகும் துணிவு வடிவமைப்பாளர்களுக்கு அதன் பின்னரே வந்தது. அப்போதும் அந்த மாற்றம் ஒரே நாளில் நடந்துவிடவில்லை. நிக்கான் எஃப் கேமரா 1959-இல் வந்தபோது அதற்கென்று செய்யப்பட்ட 2.1 செ.மீ. எஃப் 4 லென்ஸ் சமச்சீர் வகையாகவே இருந்தது. அதை மாட்ட வேண்டுமானால் கேமராவின் மிரரை மேலே தூக்கிப் பூட்டிவிட்டு, தனி வியூஃபைண்டர் வைத்துப் பார்க்க வேண்டும்.

உங்கள் பெரிய லென்ஸில் தூண் வளைவதற்குக் காரணம் இப்போது எளிதாகப் புரியும். குழிக்கூட்டம் துளைக்கு முன்னால் மட்டுமே இருக்கிறது. அது ஓரத்தை உள்ளே இழுத்து, கோடுகளைப் பீப்பாய் போல் வளைக்கிறது. பின்னால் அதைச் சரிசெய்ய இரட்டை இல்லை. எனவே முன்கூட்டத்திலேயே ஒரு குவிகண்ணாடியைச் சேர்த்தோ, கோளவடிவம் அல்லாத பரப்பை வைத்தோ எதிர்ப்பக்கம் இழுக்கிறார்கள். இப்படி இழுக்கும்போது நடுப்பகுதியில் பீப்பாய் எஞ்சி, ஓரத்தில் கோடு மறுபடியும் வெளிப்பக்கம் திரும்பிவிடுவது உண்டு. கோடு மீசை போல நெளியும். வெறும் பீப்பாய் வளைவை மென்பொருளில் ஒரே இழுப்பில் நேராக்கிவிடலாம். மீசை வளைவுக்கு அந்த லென்ஸுக்கென்றே எழுதிய திருத்தக் கோப்பு வேண்டும். நெல்லையப்பர் கோயில் சங்கிலி மண்டபம் போல் தூண்கள் வரிசையாகச் செல்லும் இடத்தில் இந்த நெளிவைக் கண் உடனே பிடித்துவிடும்; ஆற்றங்கரையிலோ வயலிலோ அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

இவ்வகையின் இன்னொரு குறையைச் சிலை எடுப்பவர்கள் அறிந்திருக்க வேண்டும். சமச்சீரற்ற லென்ஸை மிக அருகில் ஃபோகஸ் செய்தால், நடு கூர்மையாக இருக்க ஓரம் மட்டும் விலகிப்போகும். கிருஷ்ணாபுரத்துக் கர்ணன் சிலை போன்ற ஒன்றை, உரிய அனுமதியோடு, இரண்டடித் தூரத்தில் நின்று எடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மார்பணியின் மணி ஒவ்வொன்றும் தெளிவாக இருக்கும். நீட்டிய கையின் விரல் நகம் குழைந்திருக்கும். ஃபோகஸ் வளையத்தைத் திருப்பும்போது கண்ணாடிக் கூட்டங்களுக்கு இடையிலான தூரமும் சேர்ந்து மாறும்படி செய்து இதைத் தீர்த்தார்கள். 1967-இல் வந்த நிக்கானின் 24 மி.மீ. எஃப் 2.8 லென்ஸ் இதில் முன்னோடி. பழைய ரெட்ரோஃபோகஸ் லென்ஸ் வாங்குகிறவர்கள் இந்த ஏற்பாடு இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது.

இனி ஊதா ஓரம். ரெட்ரோஃபோகஸ் லென்ஸில் ஒளி வெளியேறும் துளை சென்சாரிலிருந்து வெகுதூரம் தள்ளி நிற்பது போல் அமைகிறது. உதாரணத்துக்கு 60 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், மூலையில் ஒளி விழும் சாய்வு 20 பாகைதான். இயல்பான ஒளிக்குறைவு மூன்றில் ஒரு ஸ்டாப் அளவுக்கே இருக்கும். சமச்சீர் லென்ஸில் அதே மூலையில் சாய்வு 40 பாகையைத் தாண்டிவிடும். ஃபிலிமுக்கு இந்தச் சாய்வு பொருட்டே அல்ல. அதன் உப்புத்துகள் எந்தப் பக்கத்திலிருந்து ஒளி வந்தாலும் வாங்கிக்கொள்ளும். சென்சாரின் ஒவ்வொரு புள்ளியும் ஒரு சிறு கிணறு போன்றது. அதன்மேல் ஒரு நிற வடிப்பானும் நுண்லென்ஸும் உட்கார்ந்திருக்கின்றன. மிகச் சாய்ந்து வரும் ஒளி ஒரு நிற வடிப்பான் வழியாக நுழைந்து பக்கத்துக் கிணற்றில் விழுந்துவிடுகிறது. அதனால்தான் ஓரத்தில் நிறம் கெடுகிறது. 2006-இல் லைக்கா எம்8 கேமராவைச் செய்தபோது, ஓரத்து நுண்லென்ஸ்களை நடுப்பக்கம் சற்று நகர்த்தி வைத்து இதைச் சமாளித்தார்கள். 2015-இல் வந்த சோனி ஏ7ஆர் 2 போல், கம்பி அடுக்கைப் பின்னால் தள்ளிய சென்சார்களில் கிணற்றின் ஆழம் குறைவதால் நிறக்கேடும் குறைகிறது.

மூலை குழைவது வேறு கதை. பலரும் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். சென்சாரின் மேல் ஒரு தட்டைக் கண்ணாடி அடுக்கு இருக்கிறது. பல மிரர்லெஸ் கேமராக்களில் அதன் தடிமன் சுமார் 2 மி.மீ. செங்குத்தாக வரும் கதிருக்கு அது பெரிய தொந்தரவு தராது. சாய்ந்து வரும் கதிரையோ விலக்கி, புள்ளியைக் கோடாக இழுத்துவிடும். ஃபிலிம் காலத்து லென்ஸை வடிவமைத்தவர் இப்படி ஒரு கண்ணாடி குறுக்கே வரும் என்று கணக்கில் சேர்த்திருக்க முடியாது. ஆகவே புதிய சென்சார் உள்ள கேமராவுக்கு மாறினால் ஊதா குறையலாம். குழைவு அப்படியே இருக்கும்.

மிரர்லெஸ் கேமராவுக்கென்றே இன்று வரும் லென்ஸ்கள் இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கின்றன. நிக்கான் இசட் மவுண்டில் இடைவெளி 16 மி.மீ., சோனி இ மவுண்டில் 18, கேனான் ஆர்எஃப் மவுண்டில் 20. மிரருக்கு இடம் விடும் கட்டாயம் போய்விட்டது. ஆனால் சென்சாருக்காக ஒளியைச் சற்று நிமிர்த்தி அனுப்பும் கட்டாயம் வந்துவிட்டது. எனவே பழைய சமச்சீருக்கு அவர்கள் முழுதாகத் திரும்பவில்லை. முன்குழியின் வலிமையைக் குறைத்து, சென்சாருக்கு அருகே பெரிய பின்கண்ணாடிகளை வைக்கிறார்கள். பலர் நேர்கோட்டு வளைவை மட்டும் வேண்டுமென்றே விட்டுவைத்து, கேமராவின் மென்பொருள் அதை நேராக்கட்டும் என்று மற்றப் பிறழ்ச்சிகளைக் கண்ணாடியில் திருத்துகிறார்கள். இதைக் குறை என்று நான் சொல்ல மாட்டேன். எடையும் விலையும் குறைகின்றன. ஆனால் மூலையை இழுத்து நேராக்கும்போது அங்கே உள்ள நுணுக்கம் கொஞ்சம் நீர்த்துப்போகிறது. கல்வெட்டு எழுத்தைப் பதிவு செய்பவர் இதை நினைவில் வைக்க வேண்டும். வைட் ஜூம்களைப் பொறுத்தவரை அவற்றின் அடிப்படை ரெட்ரோஃபோகஸ் குடும்பமே. மேலே சொன்னவை அவற்றுக்கும் பொருந்தும்.

திருமணப் படம் எடுப்பவர் என்பதால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். குழுப்படத்தில் ஓரத்தில் நிற்கும் பெரியப்பாவின் முகம் அகன்று தெரிவது எந்த டிசைனின் குறையும் அல்ல. நேர்கோட்டை நேர்கோடாகவே காட்டும் எந்த லென்ஸும், எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும், ஓரத்தில் உள்ள உருண்டையான பொருளை இழுத்தே தீரும். கிடைமட்ட ஃபிரேமின் ஓரத்தில் 35 மி.மீ. லென்ஸ் முகத்தை உயரத்தோடு ஒப்பிட 12 சதவீதம் அகலமாக்கும், 24 மி.மீ. 25 சதவீதம், உங்கள் 21 மி.மீ. ஏறத்தாழ 32 சதவீதம், 16 மி.மீ. 50 சதவீதம். மீன்கண் லென்ஸ் வேறு கணக்கில் வரைவதால் முகத்தை இவ்வளவு அகட்டாது, ஆனால் தூணை வளைத்துவிடும். இரண்டும் ஒருசேரக் கிடைக்காது. மேடையிலிருந்து நான்கு எட்டு பின்னால் போய், 35 மி.மீ. லென்ஸில் இரு பக்கமும் வெற்றிடம் விட்டு எடுத்துப் பிறகு வெட்டிக்கொள்வதுதான் வழி.

ஆகவே உங்கள் இரண்டையும் விற்க வேண்டாம். மண்டபத்தின் உள்ளே, மாலை வெளிச்சத்தில், துளையை அகலத் திறந்து எடுக்கும் வேலைக்குப் பெரியதை வையுங்கள். அதற்குரிய திருத்தக் கோப்பை மென்பொருளில் ஏற்றிவிட்டால் தூண்கள் நிமிர்ந்துவிடும். புடைத்த முன்கண்ணாடி என்பதால் குற்றாலச் சாரலில் அதைத் திறந்து பிடிக்காதீர்கள். துளி விழுந்தால் துடைக்கத் துடைக்கத் தீட்டாகப் பரவும். சிறியதுக்கு உரிய இடம் ஃபிலிம் கேமரா. கொக்கிரகுளத்துப் பக்கம் ஆற்றுக்குள் நின்று சுலோச்சன முதலியார் பாலத்தின் வளைவுகளை அதில் கறுப்பு வெள்ளை ஃபிலிமில் எடுத்துப் பாருங்கள். பாலத்தின் மேல்விளிம்பு அடிக்கோல் வைத்து வரைந்தாற்போல் வரும்.

மிரர்லெஸில்தான் அதைப் போட வேண்டுமென்றால் துளையை எஃப் 8 அல்லது எஃப் 11 அளவுக்குச் சுருக்கி, மூலைகளில் வானமோ தண்ணீரோ விழும்படி அமைத்துக்கொள்ளுங்கள். படம் எடுத்த கையோடு, ஒளி ஊடுருவும் வெள்ளை அக்ரிலிக் தட்டு ஒன்றை லென்ஸின் முன்னால் ஒட்டிப் பிடித்து, அதே துளையில் இன்னொரு படம் எடுங்கள். அந்த வெள்ளைப் படத்தில் ஊதாவும் இருட்டும் மட்டுமே பதிந்திருக்கும். தட்டைப்புலத் திருத்தம் செய்யும் மென்பொருளில் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் அவை நீங்கிவிடும். துளையை மாற்றினால் ஓரத்தின் இருட்டும் மாறும் என்பதால், வெள்ளைப் படத்தை அந்தந்தத் துளைக்குத் தனித்தனியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.